பதினேழின் பெயரில் முப்பத்தொன்று

மார்ச் 16, வியாழன்

இன்று நான் சொல்லாத வாக்கியம்: "இசக்கி அதைச் செய்யலை சார்."

நாக்கு நுனிவரை வந்து நின்றது என்று எழுதினால் பொய். வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்கேல் வைத்து, நேராக.

நடந்தது இவ்வளவுதான். எம்.சி.ஏ. கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வு. நான் உதவியாளராக இருக்கும் லேபில் நாற்பது கணினிகள், நாற்பது பேர். பத்து மணிக்குத் தொடங்கியது. பதினொன்றே காலுக்குத் துறைத்தலைவர் திருமலைக்கொழுந்து சார், யார் எந்த முகவரியில் பதில் சொல்கிறார்கள் என்று கவனிக்கும் புது மென்பொருளைத் தன் அறையிலிருந்து முதல்முறையாக ஓடவிட்டார். இரண்டாவது நிமிடம் சிவப்பு வரி. முப்பத்தொன்றாம் கணினியின் முகவரிக்கு, பதினேழாம் கணினியின் நெட்வொர்க் அட்டை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. முப்பத்தொன்றில் இருந்தவள் மெர்சி, எப்போதும் முதலிடம். அவள் திரை காலையிலிருந்தே விட்டு விட்டு உறைந்துகொண்டிருந்தது. பதினேழில் இசக்கியம்மாள்.

சார் மூச்சிரைக்க வந்து அவள் நாற்காலியைப் பிடித்தார்.

"எந்திரி."

"சார், நான் ஒண்ணும் பண்ணலை சார். எனக்கும் மெஷின் நின்னு நின்னுதான் வருது."

"போன மாசம் செமினார்ல நீதான வெளக்குன? ஒரு மெஷின் இன்னொண்ணு பேர்ல எப்படிப் பொய் சொல்லும்னு?"

"வெளக்குனேன் சார். பண்ணலை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் மீதியிருந்தது. இசக்கி பேனாவை மூடி, ஹால்டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எல்லோரும் போன பிறகு கணினிகளை அணைத்தேன். முப்பத்தொன்றை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்தேன். ஐந்தரைக்குப் பஸ். துவரம்பருப்பு வாங்க மறந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

மார்ச் 17, வெள்ளி

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"ஏட்டி செண்பா, அந்தப் பிள்ள எதைத் திருடுச்சாம்?"

"திருடலைம்மா. வேற ஒருத்தி பேர்ல பதில் சொன்னாளாம்."

"புரியும்படியா சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு எண். ஒன்று நாங்கள் கொடுக்கும் முகவரி, உட்காரும் இடத்தின் எண் மாதிரி. நினைத்தால் மாற்றலாம். இன்னொன்று உள்ளே இருக்கும் நெட்வொர்க் அட்டையில் தொழிற்சாலையிலேயே எழுதி வருவது. இட எண் தெரிந்தால் மட்டும் ஒரு கணினி இன்னொன்றுக்கு எதையும் அனுப்ப முடியாது, அட்டை எண்ணும் வேண்டும். அதனால் முதலில் அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு கூப்பாடு போடும்: இந்த இடத்தில் யார் இருக்கிறது, உன் அட்டை எண்ணைச் சொல். அந்த இடத்துக்காரன் மட்டும் பதில் சொல்வான். கேட்டவன் அதைக் குறித்துவைத்துக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் அது அழியும், மறுபடி கேட்பான். ஏ.ஆர்.பி. என்று அதற்குப் பெயர்.

"அவன் சொல்லுதது நெசந்தானான்னு யாரு பாக்கா?"

"யாரும் பாக்கலை."

"யாருமே?"

"சொன்னதை அப்படியே எழுதிக்கிடும். யாரும் கேக்காமலே ஒருத்தன் வந்து 'நாந்தான் அது'ன்னு சொன்னாலும் பழசை அழிச்சிட்டு அதை எழுதிக்கிடும்."

"நல்லா இருக்கே! ரேஷன் கடையில ஒரு கிலோ சீனிக்குக் கைரேகை வைக்கச் சொல்லுதான். இம்புட்டுப் படிச்சவுக இப்படியா செஞ்சு வச்சிருக்காக?"

அந்தக் காலத்தில் ஓர் அறைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், சந்தேகப்பட வேண்டிய அவசியம் இருந்திருக்காது என்றேன்.

"அப்ப இந்தப் பிள்ள, 'நாந்தான் முப்பத்தொண்ணு'ன்னு சொல்லி அவ பரிச்சையப் பாத்துட்டா."

"அப்படித்தான் சொல்லுதாங்க."

அம்மா களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றப் போய்விட்டாள். அவளும் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மார்ச் 18, சனி

அரைநாள். இரண்டு கீபோர்டுகள் மாற்றினேன். ஒன்பதாம் கணினியின் மவுஸை எலி கடித்திருக்கிறது. லேபைப் பெருக்கி, செருப்புகளையும் சாவியையும் காக்கிற ராக்கம்மாக்கா, "எலிய எலி கடிச்சிருக்கு பாரு தாயி" என்று சொல்லி அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ள ரொம்ப நேரமா வெளிய நிக்கி" என்றாள்.

இசக்கி தன் ரெக்கார்டு நோட்டுக்காக வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றியவள் வாசலைத் தாண்டவில்லை.

கல்லூரிக் குழு விசாரித்து முறைகேடு என்று முடிவானால் இந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து. ஜூனில் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். முடிவுகள் வராவிட்டால் அந்த வேலை இல்லை, ஆர்டரிலேயே அப்படிப் போட்டிருக்கிறது. எனக்கே தெரிந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"அம்மாட்ட இன்னும் சொல்லலை மேடம். அது வேலை பாக்குத தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு ஆள் விடாம சொல்லி வச்சிருக்கு, எம்மவ சென்னைக்குப் போறான்னு. மேனேஜருக்குப் பூந்தி வாங்கிக் குடுத்திருக்கு."

நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நம்ம ஸ்விட்சுலயே இதுக்குக் காவல் இருக்குன்னு செமினார்ல சொன்னேம்லா. அது ஆன்ல இருந்திருந்தா, பொய்ப் பதில் எந்த வயர்ல இருந்து வந்துச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதை ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்காக?"

"சார்ட்டத்தான் கேக்கணும்" என்றேன்.

எல்லாக் கணினிகளின் வயர்களும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். அதற்கு ஒரு பட்டியல் கொடுத்துவைக்கலாம்: இந்தத் துளையில் இந்த இட எண், இந்த அட்டை எண். பிறகு யார் பதில் சொன்னாலும் பெட்டி பட்டியலைப் பார்க்கும். பொருந்தாத பதிலை அங்கேயே போட்டுவிடும், அந்தத் துளையையும் அடைத்துவிடும். திறக்க வேண்டுமானால் என் மாதிரி ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அந்தக் காவல் போன ஜூலையிலிருந்து இல்லை.

சாரிடம் கேட்க வேண்டியதில்லை. அணைத்தது நான்தான்.

மார்ச் 19, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். நூலகத்தில் அந்தத் தடித்த மொழிபெயர்ப்பு நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். முடித்துவிட்டேன். கடைசி ஐம்பது பக்கங்களை எங்கே உட்கார்ந்து படித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை.

மார்ச் 20, திங்கள்

குழு கூடியது. துணை முதல்வர் எமிலி மேடம் தலைமை. கணிதம் நடத்துகிறவர், குரலை உயர்த்தாதவர். திருமலைக்கொழுந்து சார், நான், எதிரே இசக்கி. மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று மேடம் அதை நிறுத்தச் சொன்னார். அதன்பின் எல்லாமே நன்றாகக் கேட்டது.

"செண்பகவல்லி, தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாப்பது மெஷினையும் செக் பண்ணீங்களா?"

"பதிவேட்டுல இருக்கு மேடம்."

உண்மைதான். புதன்கிழமைப் பக்கத்தில் நாற்பது டிக், கீழே என் கையெழுத்து. எமிலி மேடம் விரலால் ஒவ்வொரு டிக்காகத் தொட்டுப் பார்த்தார். சார், "நம்ம செண்பா வேலையில குறை சொல்ல முடியாது மேடம்" என்றார்.

பிறகு இசக்கியிடம் கேட்டார்கள், நீ செய்யவில்லை என்றால் அந்தச் சிவப்பு வரி எப்படி வந்தது என்று.

"ரெண்டு வழிதான் மேடம். ஒண்ணு, நான் பண்ணியிருக்கணும். இல்லைன்னா பதினேழுக்கும் முப்பத்தொண்ணுக்கும் ஒரே கார்டு நம்பரா இருந்திருக்கணும்."

"ரெண்டு ஆளுக்கு ஒரே கைரேகையா?" என்று சார் சிரித்தார்.

"கைரேகைய மாத்த முடியாது சார். கார்டு நம்பரை மாத்தலாம். செட்டிங்ல போயி வேற நம்பரைக் குடுத்தா அதைத்தான் வெளிய சொல்லும்."

எமிலி மேடம் எழுந்துவிட்டார். "வாங்க, பாத்துருவோம்."

லேபுக்குப் போனோம். முப்பத்தொன்றை நான்தான் திறந்து காட்டினேன். அதன் எண் அதனுடையதாகவே இருந்தது. பதினேழின் எண் பதினேழுடையது.

"பாத்தியா?" என்றார் சார். கோபமாக இல்லை, கிட்டத்தட்ட வருத்தமாக.

இசக்கி முப்பத்தொன்றின் அட்டை எண்ணின் பன்னிரண்டு எழுத்துகளை நெடுநேரம் பார்த்தாள். "ஆமா சார்" என்றாள்.

சார் திரும்பும்போது என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண் ஒரு நொடி நின்றது. பிறகு போய்விட்டார்.

மார்ச் 21, செவ்வாய்

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

விலை அதிகமான ஒரு புள்ளியியல் மென்பொருள். வேலைக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு வருடம் சார் நிர்வாகத்திடம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரே ஒரு கணினிக்கு உரிமம் வாங்கினார்கள், கல்லூரியின் தரம் பார்க்கும் ஆய்வுக்குழு வந்தால் காட்ட. அந்த உரிமம் பதினேழின் அட்டை எண்ணோடு கட்டப்பட்டது. வேறு கணினியில் போட்டால் திறக்காது.

"செண்பா, நாப்பது பிள்ளைக ஒரு மெஷினைச் சுத்தி நின்னு எட்டிப் பாக்குதுக. தொட்டாவது பாக்கணும்லா? நாளைக்கு இன்டர்வியூல போயி முழிக்கக் கூடாதும்மா. எதாவது பண்ணு."

அவர் சொன்னது 'எதாவது பண்ணு', அவ்வளவுதான். வழியைக் கண்டுபிடித்தது நான். ஆறு கணினிகளுக்குப் பதினேழின் எண்ணைக் கொடுத்தேன். ஏழு பேரும் ஒரே ஆள் என்று மென்பொருள் நம்பிவிட்டது. புதன்கிழமை இரண்டு மணிக்கு மாற்றுவேன், நாலு மணிக்குப் பழையபடி ஆக்குவேன். நெட்வொர்க் திக்கும், ஆனால் அந்த மென்பொருளுக்கு நெட்வொர்க் தேவையில்லை. முதல் புதன்கிழமை ஸ்விட்ச் விழித்துக்கொண்டு ஆறு துளைகளையும் அடைத்தது. இரண்டாவது புதனும் அடைத்தது. மூன்றாவது புதன் காவலை அணைத்தேன்.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நிறையப் படிக்கிறவள், பேசாதவள் என்பதைத் தாண்டி நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அந்தப் புதன்கிழமைகளில் கற்றுக்கொண்டுதான் இசக்கிக்குச் சென்னை வேலையே கிடைத்தது.

போன புதன், பதினைந்தாம் தேதி, நாலு மணிக்கு ஆறு கணினிகளையும் பழையபடி ஆக்கினேன்.

இல்லை. ஐந்தை.

மூன்றரைக்கே பிள்ளைகள் போய்விட்டார்கள். பதிவேட்டில் நாற்பது டிக்கையும் முதலிலேயே போட்டேன். நாலைந்து வாரமாக அப்படித்தான், டிக் போட்ட பிறகு வேலை. ஒரு வரிசையை முடித்தேன். பின்வரிசைக்குப் போனபோது கைப்பையில் நாவல் இருந்தது, ஐம்பது பக்கம் மீதி. முப்பத்தொன்றின் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். ராக்கம்மாக்கா வந்து, "தாயி, பூட்டட்டா?" என்றபோது கடைசிப் பக்கத்தில் இருந்தேன். பூட்டச் சொல்லிவிட்டு, படியிறங்கும்போதும் அந்த நாவலின் ஆட்களோடுதான் இறங்கினேன்.

மறுநாள் மாலை முப்பத்தொன்றைச் சரிசெய்தேன். பழக்கத்தில்.

மார்ச் 22, புதன்

இன்று புதன்கிழமை வேலை இல்லை. சார் அறைக்குப் போனேன். மேசையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது, மணி மூன்று.

"சார், அந்த முப்பத்தொண்ணு..."

"தெரியும். கதவைச் சாத்தும்மா."

திங்கட்கிழமை லேபில் நிற்கும்போதே தெரிந்துவிட்டதாம். இசக்கி 'ஒரே நம்பர்' என்றது அங்கே போய்த்தான் உறைத்ததாம். அதற்கு முன்னால் நினைக்கவே இல்லை என்றார். நம்புகிறேன்.

"ஏப்ரல்ல ஆய்வுக்குழு வருது. ஒரு லைசென்ஸை ஏழு மெஷின்ல ஓட்டுனோம்னு வெளிய வந்தா, காலேஜுக்கே பேர் போயிரும். நாலாயிரம் பிள்ளைக படிக்குதுக. உனக்கு மே மாசத்தோட ஒப்பந்தம் முடியுது, புதுப்பிக்கணும். எனக்கு ரெண்டு வருஷம் இருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு சார்?"

"மன்னிப்புக் கடிதம் குடுத்தா ஒரு பேப்பரோட விட்ரச் சொல்லி மேடத்துக்கிட்ட பேசுதேன். நவம்பர்ல எழுதிக்கிடட்டும்."

"வேலை?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பதுபோல் சட்டை நுனியில் துடைத்தார். அவரைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்ததில்லை. வயதானவராக இருந்தார்.

"கெட்டிக்காரப் பிள்ள. வேற கெடைக்கும்."

எழுந்தேன். வாசல்வரை போனதும், "நான் அந்தப் பிள்ளைகளுக்காகத்தானம்மா செஞ்சேன்" என்றார்.

"ஆமா சார்" என்றேன். அதுவும் உண்மை.

மார்ச் 23, வியாழன்

இசக்கி மதியம் வந்தாள். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க நெறையப் படிப்பீகள்லா. இந்த லெட்டரைக் கொஞ்சம் திருத்திக் குடுங்க."

மன்னிப்புக் கடிதம். கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்து. 'நான் செய்ததாகச் சொல்லப்படும் தவறுக்காக' என்று எழுதியிருந்தாள். 'செய்ததாகச் சொல்லப்படும்' என்பதன் மேல் யாரோ பச்சைப் பேனாவால் கோடு போட்டு, மேலே 'செய்த' என்று எழுதியிருந்தார்கள். சாரின் பேனா.

"செய்யாததை ஏன் எழுதுத?"

"எங்கம்மாவுக்குத் தெரியாம முடிஞ்சா போதும் மேடம். நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரணும்னாக. லெட்டர் குடுத்தா வேண்டாம்னு சார் சொல்லுதாரு."

பிறகு, மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள்:

"புதன்கிழமை ஏழு மெஷின்ல மட்டும் அந்த சாஃப்ட்வேர் எப்படி ஓடுதுன்னு நான் ஒரு நாளும் யார்ட்டயும் கேட்டதில்லை மேடம்."

அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை முப்பத்தொன்றின் திரையை அத்தனை நேரம் பார்த்தாளே, அப்போது தெரிந்திருக்கும். அதைக் குழுவிடம் சொல்லவில்லை. என்னிடம் கொண்டுவந்து, கேள்வியாகக்கூட ஆக்காமல், மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நான் பேனாவை எடுத்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டேன். ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது. பிரித்தேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றேன். "நீ படிச்சுப் படிச்சு வயித்த மறந்துருவ" என்றாள்.

செவ்வாய்க்கிழமை 'பழக்கத்தில்' என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு எழுதலாம். அடிக்காமலே எழுதுகிறேன். தேர்வன்று மாலை முப்பத்தொன்றின் முன் உட்கார்ந்தபோது, அந்த எண் அப்படியே இருந்தால் இசக்கி தப்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். மாற்றினால் நான் தப்பிப்பேன் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் மாற்றினேன். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 24, வெள்ளி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் லேபுக்குள் போனேன். பதினேழை ஓடவிட்டேன். முப்பத்தொன்றுக்குப் பதினேழின் எண்ணைக் கொடுத்து, அணைத்து வைத்தேன். ராக்கம்மாக்கா கதவருகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தாயி, மொகமெல்லாம் வேர்த்திருக்கு, ஏசியக் கூட்டட்டா?" என்றாள்.

மூன்று மணி. எமிலி மேடத்தின் முன் கடிதம். இசக்கி கையெழுத்துப் போட வேண்டியதுதான். பேனாவை வாங்கிவிட்டாள்.

"மேடம், கையெழுத்துக்கு முன்னால எல்லாரும் ஒரு தடவை லேபுக்கு வரணும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"திங்கக்கெழம பாத்தாச்சேம்மா" என்றார் சார்.

"திங்கக்கெழம நான் சரிபண்ணி வச்சிருந்ததைப் பாத்தீங்க சார்."

லேபுக்கு நடந்தோம். சாரின் மடிக்கணினியில் அந்தக் கண்காணிப்பு மென்பொருளை ஓடவிடச் சொன்னேன். விட்டார். லேபில் ஓடிக்கொண்டிருந்தது பதினேழு மட்டும். அதன் நாற்காலி காலி. இசக்கி வாசலில் ராக்கம்மாக்கா பக்கத்தில் நின்றாள். பின்வரிசைக்குப் போய் முப்பத்தொன்றின் பொத்தானை அழுத்தினேன். அது விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் யாரோ இருமினார்கள்.

சிவப்பு வரி வந்தது. முப்பத்தொன்றின் முகவரி, பதினேழின் அட்டை.

எமிலி மேடம் பதினேழின் நாற்காலியைப் பார்த்தார்.

"இதுல யாரும் இல்லையே."

"இல்லை மேடம். அன்னைக்கும் இதுல இருந்தவ எதுவும் செய்யலை. முப்பத்தொண்ணு தானாவே பதினேழோட நம்பரைச் சொல்லிச்சு. ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருந்ததாலதான் ரெண்டு பேர் திரையும் நின்னு நின்னு வந்துச்சு."

"யார் குடுத்தது அந்த நம்பரை?"

"நான்."

புதன்கிழமைகளைச் சொன்னேன். காவலை அணைத்ததைச் சொன்னேன். முதலிலேயே போட்ட டிக்குகளை, நாவலை, தேர்வன்று மாலை சரிசெய்ததை. அவர் குறுக்கே ஒன்றே ஒன்று கேட்டார்: "தெரிஞ்சேதான் சரிபண்ணீங்களா?" தெரிந்தேதான் என்றேன். சாரின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருக்காகவா, என் கணக்கில் ஒரு நல்லதாவது இருக்கட்டும் என்றா, தெரியவில்லை.

சார் மடிக்கணினியை மூடினார்.

"நான் சொல்லித்தான் மேடம் இந்தப் பிள்ள செஞ்சது. திங்கக்கெழமையே எனக்கும் தெரியும். லெட்டர்ல திருத்துனதும் நான்தான்."

ராக்கம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எமிலி மேடம் இசக்கியிடம் போய், "நீ வீட்டுக்குப் போம்மா. உன் மேல எதுவும் இல்லை. நான் எழுத்துல தாரேன்" என்றார்.

இசக்கி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நேத்து ஒற்றெல்லாம் போட்டுக் குடுத்தீகளே மேடம்?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

மார்ச் 27, திங்கள்

நாற்பது கணினிகளின் அட்டை எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, கையால் ஸ்விட்சில் ஏற்றினேன். ஒவ்வொன்றையும் ஏற்றிய பிறகுதான் டிக் போட்டேன். நாலு மணிக்குக் காவலை இயக்கினேன். எந்தத் துளையும் அடைபடவில்லை. அந்த மென்பொருளை ஆறு கணினிகளிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. எடுத்தேன். அடுத்த வருடப் பிள்ளைகள் மறுபடி பதினேழைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ள வீட்டுக்குப் போனியா?" என்றாள். இல்லை என்றேன். "போகாத. இப்பப் போனா உனக்காகப் போறதா இருக்கும்" என்றாள்.

ஏப்ரல் 3, திங்கள்

இசக்கிக்குத் தனியாக மறுதேர்வு. என்னை லேபுக்கு வர வேண்டாம் என்றார்கள். நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன், எதையும் எடுக்காமல்.

ஜூன் 9, வெள்ளி

மே முப்பத்தொன்றோடு என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. திருமலைக்கொழுந்து சார் இப்போது துறைத்தலைவர் இல்லை. வகுப்பு எடுக்கிறார். முடிவுகள் மே இருபத்திரண்டில் வந்தன. இசக்கி எல்லாத் தாளிலும் தேர்ச்சி. ஐந்தாம் தேதி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ராக்கம்மாக்கா போனில் சொன்னாள். போவதற்கு முந்தின நாள் கல்லூரிக்கு வந்து சாரிடமும், எமிலி மேடத்திடமும், ராக்கம்மாக்காவிடமும் சொல்லிக்கொண்டு போனாளாம். எங்கள் வீடு கல்லூரி பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. அவள் வரவில்லை.